லைசென்ஸ் கேக்காத வானொலி: பாட்காஸ்ட் யாருக்கும் சொந்தமாகாம இருக்கறது எப்படி?

இன்னிக்கு எபிசோட், பாட்காஸ்ட் பத்தின பாட்காஸ்ட்.

நமக்கு வர்ற மெயில்ல பாதி ஒரே கேள்விதான்: "நானும் ஒரு ஷோ ஆரம்பிக்கணும், என்ன மைக் வாங்கலாம்?" மைக்குக்கு கடைசில வர்றேன். அதுக்கு முன்னாடி நான் ஒரு கேள்வி கேக்குறேன். இந்த எபிசோடை உங்ககிட்ட கொண்டுவர நான் யார்கிட்ட அனுமதி வாங்கினேன்?

யார்கிட்டயும் இல்ல. ஃபார்ம் நிரப்பல, அலைவரிசை கேக்கல, எந்த கம்பெனிகிட்டயும் நேர்காணலுக்குப் போகல. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இது ரொம்ப சாதாரணமா தெரியும். ஆனா குரலைத் தூரத்துக்கு அனுப்பற வரலாற்றுல இது ரொம்ப புதுசு. இந்தச் சுதந்திரம் எங்கிருந்து வந்துச்சு, யாரெல்லாம் அதுக்குப் பூட்டு போடப் பாத்தாங்க, இன்னும் எப்படித் தப்பிச்சிட்டு இருக்கு, இதுதான் இன்னிக்குக் கதை. ஷோ ஆரம்பிக்கப் போறவங்களுக்கு மைக்கைவிட இதுதான் முக்கியம்னு நான் நினைக்கிறேன்.

கேக்கறதுக்கே லைசென்ஸ்

முதல்ல நம்ம ஊர். 1924, மெட்ராஸ். சி.வி. கிருஷ்ணசாமி செட்டிங்கறவர் முன்ன நின்னு மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்னு ஒண்ணு ஆரம்பிக்கிறார். மே மாசம் கிளப், ஜூலை 31 முதல் ஒலிபரப்பு. டிரான்ஸ்மிட்டரோட சக்தி 40 வாட். நம்ம வீடுகள்ல முன்னாடி இருந்த குண்டு பல்பு ஒண்ணுக்குத் தேவையான அளவு. பம்பாய்ல பெரிய நிலையம் வர்றதுக்கு 3 வருஷம் முன்னாடி, ஆல் இந்தியா ரேடியோங்கற பேரு பிறக்க 12 வருஷம் முன்னாடி, இங்க ஆர்வக்காரங்க சேர்ந்து பாட்டும் பேச்சும் ஒலிபரப்பிட்டு இருந்தாங்க.

1927-ல பணம் இல்லாம கிளப் நின்னுடுச்சு. டிரான்ஸ்மிட்டரை மெட்ராஸ் கார்ப்பரேஷன்கிட்ட கொடுத்துட்டாங்க. 1930 ஏப்ரல்ல கார்ப்பரேஷன் ஒலிபரப்பு தொடங்குச்சு. 1938-ல ஆல் இந்தியா ரேடியோ மெட்ராஸ் நிலையம் வந்துச்சு. ஆர்வக்காரங்க கையில பிறந்தது 14 வருஷத்துல அரசாங்கத்து கைக்குப் போயிடுச்சு.

இதுல யாரையும் வில்லனாக்க வேண்டாம். ரேடியோங்கற தொழில்நுட்பமே அப்படி. ஒரு ஊர்ல ஒரே அலைவரிசைல ரெண்டு பேர் பேசினா ரெண்டு பேரும் கேக்காது. அதனால யாராவது ஒருத்தர் நடுவுல நின்னு, "நீ இங்க பேசு, நீ அங்க பேசு"ன்னு பிரிச்சுக் கொடுத்தாகணும். அந்த நடு ஆள் அரசாங்கம். பிரிச்சுக் கொடுக்கற வேலையோடயே யார் பேசலாம்னு முடிவு பண்ற அதிகாரமும் சேர்ந்து வந்துடுச்சு.

பேசறதுக்கு மட்டும் இல்ல, கேக்கறதுக்கும்தான். 1933-ல வந்த இந்திய வயர்லெஸ் டெலிகிராபி சட்டப்படி, லைசென்ஸ் இல்லாம ரேடியோ பெட்டி வச்சிருக்கறதே குற்றம். 1980-கள் வரைக்கும் இது நடைமுறைல இருந்துச்சு. போஸ்ட் ஆபீஸுக்குப் போய் வருஷா வருஷம் பணம் கட்டணும், ஒரு சின்னப் புத்தகத்துல பதிவு பண்ணித் தருவாங்க. உங்க தாத்தா வீட்டு பரண்ல தேடுங்க, இருந்தாலும் இருக்கும்.

1995-ல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புல, அலைவரிசை பொதுச் சொத்து, அரசாங்கத்தோட தனிச் சொத்து இல்லன்னு சொல்லுச்சு. அதுக்கு அப்புறமும் கல்வி நிறுவனங்களுக்கு சமுதாய வானொலி கொடுக்கலாம்னு முடிவாக 2002 கடைசி ஆயிடுச்சு. 2004 பிப்ரவரி 1-ஆம் தேதி இந்தியாவோட முதல் வளாக சமுதாய வானொலி, கிண்டில, அண்ணா பல்கலைக்கழகத்துல தொடங்குச்சு. அண்ணா எஃப்எம், 90.4. அதுவும் சில கிலோமீட்டர் சுற்றளவுக்குத்தான் கேக்கும். தனியார் எஃப்எம் ஆகட்டும் சமுதாய வானொலி ஆகட்டும், சொந்தமா செய்தி தயாரிச்சு வாசிக்க முடியாது. ஆல் இந்தியா ரேடியோ செய்தியை வாங்கி அப்படியே ஒலிபரப்பலாம், அவ்வளவுதான்.

இப்போ அந்தத் தேதியை ஞாபகம் வச்சுக்கங்க: 2004 பிப்ரவரி 1. சரியா 11 நாள் கழிச்சு, பிப்ரவரி 12-ஆம் தேதி, லண்டன்ல கார்டியன் பத்திரிகைல பென் ஹாமர்ஸ்லிங்கறவர் ஒரு கட்டுரை எழுதுறார். இன்டர்நெட்ல ஆளாளுக்கு ஆடியோ ஷோ போட ஆரம்பிச்சிருக்காங்க, இதை என்னன்னு கூப்பிடலாம்னு கேட்டு, மூணு பேரை வரிசையா எடுத்துவிடுறார். அதுல ஒண்ணு "பாட்காஸ்டிங்". பக்கத்தை நிரப்ப இன்னும் ஒரு வரி வேணும்னு கேட்டாங்க, அதுக்காக எழுதினதுன்னு பின்னாடி அவரே சொல்லியிருக்கார். நம்ம ஊர்ல ஒரு பல்கலைக்கழகம் ஒரு அலைவரிசைல ஒலிபரப்பைத் தொடங்கின அதே மாசம், அலைவரிசையே தேவைப்படாத ஒண்ணுக்கு அங்க பேரு வச்சுட்டாங்க.

பால் பாக்கெட் ஐடியா

பேருதான் 2004. குழந்தை பிறந்தது 2000-த்துல.

அப்போ இன்டர்நெட்னா பெரும்பாலான வீட்டுல போன் லைன்ல ஓடற மோடம். அதிகபட்ச வேகம் நொடிக்கு 56 கிலோபிட். கணக்கு போட்டுப் பாருங்க: ஒரு 4 எம்பி பாட்டு இறங்க சுமார் 10 நிமிஷம். பட்டனை அழுத்திட்டு 10 நிமிஷம் காத்திருந்து யார் கேப்பாங்க? கேட்டுக்கிட்டே இறக்கலாம்னா நடுவுல நின்னு நின்னு வரும்.

ஆடம் கர்ரின்னு ஒருத்தர். எம்டிவில தொகுப்பாளரா இருந்தவர். 2000 அக்டோபர்ல அவர் நியூயார்க்ல டேவ் வைனருங்கற சாஃப்ட்வேர்காரரைச் சந்திக்கிறார். வைனர் வலைப்பதிவு எழுதறதுல முன்னோடி, ஸ்கிரிப்டிங் நியூஸ்ங்கற பதிவை 1997-லேர்ந்து நடத்திட்டு இருந்தார். கர்ரி சொன்ன யோசனை இதுதான்: வேகம் கம்மின்னா என்ன, நேரம் நிறைய இருக்கே? ராத்திரி எல்லாரும் தூங்கறப்போ கம்ப்யூட்டர் சும்மாதானே இருக்கு? அப்போ மெதுவா இறக்கி வச்சுட்டா, காலைல அழுத்தின உடனே ஓடும்.

நம்ம ஊர் பாஷைல சொன்னா, பால் பாக்கெட். நீங்க காலைல எழுந்து காபி போடணும்னு நினைச்சப்புறம் ஆவின் வண்டி கிளம்பறது இல்ல. நீங்க தூங்கறப்போவே கேட்டுல மாட்டின பைக்குள்ள பால் வந்துடும். வண்டி வேகமா வந்துச்சா மெதுவா வந்துச்சான்னு உங்களுக்குக் கவலையே இல்ல.

இதைச் செய்ய வைனர்கிட்ட ஏற்கெனவே ஒரு கருவி இருந்துச்சு. ஆர்எஸ்எஸ். நீங்க நினைக்கிற அது இல்ல, இது வேற! ஒரு வலைப்பதிவுல புதுசா என்ன வந்திருக்குன்னு சொல்ற ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல். அந்த ஃபைலுக்கு மாறாத ஒரு முகவரி இருக்கும். உங்க கம்ப்யூட்டர் அப்பப்போ அந்த முகவரிக்குப் போய் "புதுசா ஏதாவது இருக்கா?"ன்னு பாத்துட்டு வரும்.

2000 டிசம்பர்ல வைனர் அதுல ஒரு புது வரியைச் சேர்த்தார். அந்த வரிக்குப் பேரு "என்க்ளோஷர்". நம்ம அரசாங்கக் கடிதத்துல கீழ "இணைப்பு: 1"னு போடுவாங்களே, அதேதான். அந்த வரில மூணே தகவல்: ஆடியோ ஃபைல் எங்க இருக்கு, எவ்வளவு பெருசு, என்ன வகை. 2001 ஜனவரி 11-ஆம் தேதி கிரேட்ஃபுல் டெட் குழுவோட ஒரு பாட்டை இணைச்சு அவர் சோதனை பண்ணிக் காட்டினார். கிட்டத்தட்ட இதே மாதிரி யோசனையை டிரிஸ்டன் லூயிங்கறவரும் அதே அக்டோபர்ல எழுதி வச்சிருந்தார்.

நான் வேலைல பாக்கற கோடு எல்லாம் லட்சக்கணக்கான வரி. இது ஒரே வரி. ஆனா அந்த வரில என்ன இல்லன்னு பாருங்க. எந்த ஆப்ல கேக்கணும்னு இல்ல. எந்த கம்பெனி சர்வர்ல ஃபைல் இருக்கணும்னு இல்ல. யார்கிட்ட பதிவு பண்ணணும்னு இல்ல. முகவரி தெரிஞ்ச எவரும் எடுத்துக்கலாம், எந்த மெஷினும் எடுத்துக்கலாம். நடு ஆளுக்கு அங்க இடமே விடல.

வேலை போன வானொலிக்காரர்

வழி போட்டாச்சு, வண்டி வரல. ரெண்டு வருஷத்துக்கு மேல அதை யாரும் பெருசா பயன்படுத்தல.

பாஸ்டன்ல கிறிஸ்டோபர் லைடன்னு ஒரு வானொலிக்காரர். தி கனெக்‌ஷன்ங்கற பேர் பெற்ற நிகழ்ச்சியை நடத்தினவர். அந்த நிகழ்ச்சில தனக்கும் உரிமைப் பங்கு வேணும்னு கேட்டதுல நிலையத்தோட தகராறு வந்து, 2001-ல வெளில வந்துட்டார். குரல் அவரோடது, கேள்வி அவரோடது. ஆனா நிகழ்ச்சி நிலையத்தோடது. இதுதான் வானொலி கணக்கு.

2003-ல ஹார்வர்டுல ஒரு ஆய்வு மையத்துல லைடனும் வைனரும் சேர்ந்து இருந்தாங்க. பாப் டாய்ல்ங்கற நண்பர் கையில எடுத்துட்டுப் போற மாதிரி ஒரு ரெக்கார்டிங் செட்டை அமைச்சுக் கொடுத்தார். ஜூலை மாசம் லைடன் பேட்டிகளை ஆரம்பிச்சார். முதல் பேட்டி வைனரோடவே. வைனர் அந்த எம்பி3 ஃபைல்களை "இணைப்பு" வரியோட ஒரு ஃபீடா வெளியிட்டார். நிலையம் இல்லாத வானொலிக்காரருக்கு கேக்கறவங்க மறுபடி கிடைச்சாங்க. இன்னிக்கு நாம பாட்காஸ்ட்னு சொல்றதோட எல்லா அம்சமும் அங்க இருந்துச்சு, பேரைத் தவிர.

அடுத்த தடை: ஃபைல் கம்ப்யூட்டர்ல இருக்கு, ஐபாட் பாக்கெட்ல இருக்கு. நடுவுல யார் தூக்கிப் போடறது? கெவின் மார்க்ஸ் 2003 அக்டோபர்ல ஒரு வலைப்பதிவர் மாநாட்டுல அதுக்கு ஒரு ஸ்கிரிப்ட் காட்டினார். 2004-ல ஆடம் கர்ரி தானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார், பேரு ஐபாடர். பெரிய புரோகிராமர் இல்லாததால, "இதை யாராவது நல்லா எழுதுங்கப்பா"ன்னு திறந்து விட்டுட்டார். எழுதறவங்களுக்கு சோதிச்சுப் பாக்க தினம் ஒரு ஃபைல் வேணுமே? அதுக்காக ஆகஸ்ட் மாசம் தானே ஒரு ஷோ ஆரம்பிச்சார். பேரு டெய்லி சோர்ஸ் கோட். டெஸ்டிங்குக்காக ஒரு ரேடியோ ஷோ நடத்தின ஒரே ஆள் இவராத்தான் இருக்கணும்.

2005 ஜூன் 28, ஆப்பிள் ஐடியூன்ஸ் 4.9 வெளியிட்டுச்சு. அதுல 3000 பாட்காஸ்ட் கொண்ட ஒரு பட்டியல். ரெண்டே நாள்ல 10 லட்சம் சந்தாக்கள். அந்த வருஷத்தோட வார்த்தையா "பாட்காஸ்ட்"டை நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்கன் அகராதி தேர்ந்தெடுத்துச்சு.

இங்க ஒண்ணு கவனிக்கணும். ஆப்பிள் வச்சது பட்டியல் மட்டும்தான். டெலிபோன் டைரக்டரி மாதிரி. ஆடியோ ஃபைல் உங்க சர்வர்லயே இருந்துச்சு, ஃபீடும் உங்க முகவரிலயே இருந்துச்சு. அந்தப் பட்டியலை மத்த ஆப்களும் தேடப் பயன்படுத்திக்கிட்டு. 2014-ல சீரியல்ங்கற ஷோ வந்து உலகமே பாட்காஸ்ட் பத்திப் பேசினப்போ, அந்தப் புகழ்ல எல்லா ஆப்பும் வளர்ந்துச்சு. எந்த ஒரு கம்பெனியும் "கதவை நான்தான் திறப்பேன்"னு சொல்ல முடியல.

"இது எங்க கண்டுபிடிப்பு"

அப்படிச் சொல்லப் பாத்தவங்க இருந்தாங்க. முதல் ஆள் கோர்ட்டு வழியா வந்தாங்க.

பெர்சனல் ஆடியோன்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி. 1996 வாக்குல பத்திரிகைக் கட்டுரைகளை வாசிச்சு கேசட்ல வித்தவங்க. அந்தக் காலத்து விண்ணப்பம் ஒண்ணோட தொடர்ச்சியா 2012-ல அவங்களுக்கு ஒரு காப்புரிமை கிடைச்சுது. சாரம் என்னன்னா: தொடரா வர்ற எபிசோடுகளை, மாறாத ஒரு முகவரில பட்டியலா வச்சு, புதுசு வர்றப்போ பட்டியலைப் புதுப்பிச்சு விநியோகிக்கிற முறை. அதாவது பாட்காஸ்ட்! 2013-ல ஆடம் கரோலா உட்பட பல பேர் மேல வழக்கு போட்டாங்க. பல ஷோக்களுக்கு லைசென்ஸ் பணம் கேட்டு கடிதம் போச்சு. பல வருஷத்துக்கு அப்புறம் மறுபடி அதே வார்த்தை, லைசென்ஸ்.

எலெக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன்ங்கற அமைப்பு பொதுமக்கள்கிட்ட பணம் திரட்டி, 2013 அக்டோபர்ல காப்புரிமை அலுவலகத்துல சவால் விட்டுச்சு. ஜெயிக்கணும்னா, 1996 அக்டோபருக்கு முன்னாடியே யாரோ இதைச் செஞ்சு, எழுதியும் வச்சிருந்தாங்கன்னு காட்டணும். தேடினாங்க. சி.என்.என். நியூஸ்ரூம் நிகழ்ச்சியை இன்டர்நெட்ல கொடுத்ததைப் பத்தி ஒரு ஆய்வேடு கிடைச்சுது. கனடாவோட சி.பி.சி. வானொலி தன் நிகழ்ச்சிகளை ஆன்லைன்ல சோதனையா போட்டதைப் பத்தி ஒரு கட்டுரை கிடைச்சுது. 2015 ஏப்ரல்ல, காப்புரிமைல சவாலுக்கு வந்த பகுதிகள் செல்லாதுன்னு தீர்ப்பு. 2017-ல மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி பண்ணுச்சு. 2018 மே மாசம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்ததோட கதை முடிஞ்சுது.

டாக்குமென்டேஷன் எழுதச் சொன்னா சலிச்சுக்கற என் டீம் நண்பர்களுக்கு இந்தக் கதையை அடிக்கடி சொல்வேன். 1990-கள்ல யாரோ பொறுமையா எழுதி வச்சதுதான் இன்னிக்கு நாம லைசென்ஸ் பணம் கட்டாம பேசறதுக்கு ஒரு காரணம்.

கோர்ட்டு வேண்டாம், காம்பவுண்டு போதும்

ரெண்டாவது முயற்சி பணம் வழியா வந்துச்சு. 2019 பிப்ரவரில ஸ்பாட்டிஃபை, கிம்லெட் என்கிற தயாரிப்பு நிறுவனத்தையும் ஆங்கர் என்கிற இலவச ஹோஸ்டிங் சேவையையும் வாங்குச்சு. 2020-ல ஜோ ரோகன் ஷோவோட ஒப்பந்தம். அந்த வருஷக் கடைசிலேர்ந்து அந்த ஷோ ஸ்பாட்டிஃபைல மட்டும். பொது ஃபீட் கிடையாது, வேற ஆப்ல வராது. கேக்கணும்னா எங்க காம்பவுண்டுக்குள்ள வா.

2024 பிப்ரவரில புது ஒப்பந்தம் போட்டப்போ அந்த ஷோவை மறுபடி எல்லா இடத்துக்கும் திறந்து விட்டாங்க. கிம்லெட் 2023-லயே தனி நிறுவனமா இல்லாம போயிடுச்சு. இவ்வளவு பெரிய காம்பவுண்டு சுவரும் முழுசா நிக்கல.

இன்னொரு சம்பவத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. கூகுள் பாட்காஸ்ட்ஸ்னு ஒரு ஆப் இருந்துச்சு, 2018-ல வந்தது. ஆண்ட்ராய்டு போன் வச்சிருந்த பல பேருக்குப் பழக்கமான ஆப். 2024-ல கூகுள் அதை மூடிடுச்சு. என்ன ஆச்சு? ஷோ நடத்தினவங்க ஒரு எபிசோடைக்கூட இழக்கல. கேட்டவங்க தங்களோட சந்தா பட்டியலை ஒரு ஃபைலா எடுத்துட்டு வேற ஆப்புக்கு நடையைக் கட்டினாங்க. ஆப் செத்துச்சு, ஷோ சாகல. காரணம் அந்த ஒரே வரி.

இதுக்கு நேர் எதிரான கதை என் கல்லூரித் தோழி ஒருத்தங்களோடது. கிராமத்துச் சமையல் பத்தி, பாட்டிகளைப் பேட்டி எடுத்து, அருமையா ஒரு ஷோ பண்ணாங்க. ஒரு ஆப் அவங்களை "எங்ககிட்ட மட்டும் போடுங்க"ன்னு கேட்டுச்சு. மாசம் ஒரு தொகை, நியாயமான தொகைதான். ஒப்பந்தப்படி ஃபீட் அந்த ஆப்போடது. ஒன்றரை வருஷம் கழிச்சு அந்த ஆப் பாட்காஸ்ட் பகுதியையே எடுத்துட்டாங்க. 40-க்கு மேல எபிசோட் அவங்க ஹார்டு டிஸ்க்ல பத்திரமா இருக்கு. ஆனா கேட்டவங்க எங்க? அவங்களுக்குச் சொல்ல ஒரு வழி இல்ல. இப்போ வேற பேர்ல முதல்லேர்ந்து ஆரம்பிச்சிருக்காங்க. பேட்டி கொடுத்த பாட்டிகள்ல ரெண்டு பேர் இப்போ இல்ல. அந்தக் குரல்களைத் தேடிட்டு வர்ற பேரப்பிள்ளைங்களுக்கு ஆப்ல வெறும் காலிப் பக்கம்.

லைடனுக்கு 2001-ல நடந்ததும் இதுதான். நிலையம்ங்கற இடத்துல ஆப்னு போட்டுக்கங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

சுதந்திரத்துக்கும் விலை உண்டு, அதையும் சொல்லணும். நடு ஆள் இல்லன்னா கணக்கு எழுதற ஆளும் இல்ல. ஃபைல் எத்தனை தடவை இறங்குச்சுன்னு தெரியும், எத்தனை பேர் கடைசி வரை கேட்டாங்கன்னு சரியா தெரியாது. அதனால விளம்பரக் காசு கஷ்டம். புது ஷோவைத் தேடிக் கண்டுபிடிக்கறதும் கஷ்டம். அதனாலதான் நம்ம மக்கள்ல நிறைய பேருக்கு பாட்காஸ்ட்னா ரெண்டு சோபா, ரெண்டு மைக், யூடியூப் வீடியோ. யூடியூப்ல போடறது தப்பே இல்ல, அங்கதான் கூட்டம் இருக்கு. ஆனா அந்த சப்ஸ்கிரைபர்களை நீங்க வேற இடத்துக்குக் கூட்டிட்டுப் போக முடியாது.

இன்னொண்ணு, அனுமதி தேவையில்லன்னா காவலும் இல்லன்னு அர்த்தம். யார் வேணா எதை வேணா வரலாறுன்னு சொல்லிட்டுப் போகலாம். சொல்றதுக்கு முன்னாடி லைசென்ஸ் வேண்டாமே தவிர, சொன்னதுக்கு அப்புறம் அவதூறு சட்டம், பதிப்புரிமைச் சட்டம் எல்லாம் நமக்கும் உண்டு. சினிமா பாட்டை பிஜிஎம்மா போடாதீங்க.

சரி, வீட்டுல எப்படி?

இப்போ மைக். முதல் 10 எபிசோடுக்கு போன் போதும். வாய்க்கும் போனுக்கும் ஒரு சாண் தூரம். நேரா வாய்க்கு முன்னாடி வேண்டாம், கொஞ்சம் பக்கவாட்டுல வைங்க. தமிழ்ல "ப"ல ஆரம்பிக்கற வார்த்தை ஏராளம். பணம், பாட்டி, பழைய படம்னு சொல்லிப் பாருங்க, நேரா வச்சா மைக்ல காத்து மோதும்.

மைக்கைவிட ரூம் முக்கியம். நம்ம ஃப்ளாட்டுகள்ல டைல்ஸ் தரை, வெறும் சுவரு, அதனால எதிரொலி. துணி நிறைஞ்ச பீரோவைத் திறந்து வச்சு அதைப் பாத்துப் பேசுங்க, பின்னாடி ஒரு போர்வை தொங்கவிடுங்க. ஃபேன், ஏசி ஆஃப். குக்கர் விசிலும் காய்கறி வண்டி ஸ்பீக்கரும் அடங்கற நேரம் ராத்திரி 11-க்கு மேலதான். வியர்க்கும், அதனால 15 நிமிஷமா பிரிச்சுப் பதிவு பண்ணுங்க. ஒவ்வொரு பதிவுக்கும் முன்னாடி 10 நொடி பேசாம இருங்க. அந்த வெறும் ரூம் சத்தத்தை மாதிரியா காட்டினாத்தான் எடிட்டிங்ல இரைச்சலைக் குறைக்க முடியும்.

எடிட்டிங்குக்கு ஆடாசிட்டி. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல உருவாகி 2000-த்துல வெளில வந்த இலவச சாஃப்ட்வேர். முன்னாடி எம்பி3-ஆ மாத்த லேம்னு ஒண்ணைத் தனியா இறக்கணும், காரணம் எம்பி3-க்கு இருந்த காப்புரிமை. 2017-ல அந்த லைசென்ஸ் திட்டமும் முடிவுக்கு வந்துடுச்சு. இப்போ உள்ளயே இருக்கு. ஒருத்தர் பேசற ஷோவுக்கு மோனோ, 64 கிலோபிட் போதும். அரை மணி நேரம் சுமார் 14 எம்பிதான் வரும். டேட்டா கம்மியா வச்சிருக்கறவங்களும் கேப்பாங்க.

கடைசியா, இன்னிக்குச் சொன்ன கதையெல்லாம் வந்து சேர்ற இடம், ஃபீட். மூணு விஷயம்.

ஒண்ணு, இலவச ஹோஸ்டிங் எடுங்க, காசு கொடுத்தும் எடுங்க, ஆனா "நான் வெளில போனா என் பழைய ஃபீட் முகவரியைப் புது முகவரிக்குத் திருப்பி விடுவீங்களா?"ன்னு முதல்லயே கேளுங்க. அதுக்கு 301 ரீடைரக்ட்னு பேரு. வீடு மாறினப்போ பழைய வீட்டு ஓனர் தபாலைப் புது வீட்டுக்கு அனுப்பி வைக்கிற மாதிரி. அது இல்லாத இடத்துல குடி போகாதீங்க. முடிஞ்சா சொந்தமா ஒரு டொமைன் பேரு வாங்கி, ஃபீடை அதுல வைங்க.

ரெண்டு, "எங்ககிட்ட மட்டும்"னு யாராவது காசோட வந்தா, காசைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி, ஒப்பந்தம் முடிஞ்ச அன்னிக்கு ஃபீட் யார் கையில இருக்கும்னு எழுத்துல வாங்குங்க.

மூணு, எடிட் பண்ணாத மூலப் பதிவுகளை ரெண்டு இடத்துல சேமிங்க. ஒண்ணு உங்க வீட்டுல இருக்கட்டும்.

இந்த வாரம் ஒரு சின்ன வேலை. உங்களுக்குப் பிடிச்ச ஒரு ஷோவோட ஃபீட் முகவரியைக் கண்டுபிடிச்சு பிரவுசர்ல திறங்க. பயமுறுத்தற மாதிரி டெக்ஸ்ட் வரும். அதுல "என்க்ளோஷர்"னு தேடுங்க. 2000-த்துல எழுதின அதே வரி, அதே மூணு தகவலோட, இன்னும் வேலை செஞ்சுக்கிட்டு இருக்கும்.

உங்க ஷோ ஆரம்பிச்சதும் எனக்கு மெயில் பண்ணுங்க. ஆப் லிங்க் வேண்டாம், ஃபீட் முகவரியை அனுப்புங்க. எந்த ஆப் இருந்தாலும், எந்த ஆப் இல்லாம போனாலும் நான் கேட்டுடுவேன். அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.